சுரங்கம் தோண்டியவன் பிழைத்தானா, மாடு விற்றவன் பிழைத்தானா? மொன்டானா மலை ஊர்கள் பற்றி

ஓடைமணல்:

2009 ஜூலையில் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மருமகன் என்னை அந்நாட்டின் மலை மாநிலமான மொன்டானாவுக்குக் காரில் அழைத்துப்போனார். முதலில் பார்த்தது பானக். ஊர் என்று பெயர்தான், குடியிருப்பவர் யாருமில்லை. வெயிலில் கறுத்துப்போன மரக்கட்டடங்கள் ஐம்பதுக்கு மேல் நிற்கின்றன. உள்ளே சுவரில் கிழிந்த காகிதம், கரும்பலகை இருக்கும் ஒரு பள்ளிக்கூடம், ஒரு சிறை. 1862 ஜூலையில் ஜான் வைட் என்பவருடைய கூட்டம் அங்கே ஓடும் 'வெட்டுக்கிளி ஓடை'யில் தங்கம் கண்டது. இரண்டு வருடத்தில் மொன்டானா தனி ஆட்சிப்பகுதியானபோது முதல் தலைநகரமே இந்த ஊர்தான். இப்போது தரைஅணில்கள் ஆள்கின்றன.

மறுநாள் டீர் லாட்ஜ் பள்ளத்தாக்கில் ஒரு மாட்டுப் பண்ணை வீட்டைப் பார்த்தோம். வெள்ளையடித்த பெரிய வீடு, 1890-இல் கட்டிச் சேர்த்த செங்கல் பகுதி, உள்ளே ஜமீன் பங்களாவில் இருப்பதுபோன்ற மேசை நாற்காலிகள். வீட்டுக்காரர் கான்ராட் கோர்ஸ். பானக்கில் கசாப்புக் கடையில் கூலிக்கு வேலை பார்த்தவர்.

தங்கம் தோண்டியவர்கள் காலி வீடுகளை விட்டுப் போனார்கள். அவர்களுக்கு இறைச்சி நிறுத்துக் கொடுத்தவர் மாளிகையில் வாழ்ந்தார். அன்று முதல் எனக்குள் ஒரு தீர்மானம்: அந்த மலைகளில் உண்மையான தங்கம் மாடுதான். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

வரவுசெலவு:

மறுக்கிறேன். ஒரே ஒரு கோர்ஸை வைத்துக்கொண்டு கணக்கு முடிக்கக் கூடாது ஐயா. நொடித்துப்போன கசாப்புக்காரர்களின் வீடுகள் நின்றிருந்தால் அல்லவா நீங்கள் பார்த்திருப்பீர்கள்? மொன்டானாவில் பெரும்பணம் சேர்த்தவர்கள் வில்லியம் கிளார்க், மார்கஸ் டேலி. இரண்டு பேரும் செம்புச் சுரங்க முதலாளிகள். கோர்ஸின் சொத்து அவர்களுடையதற்குப் பக்கத்தில் நிற்காது.

ஓடைமணல்:

கிளார்க்கையா சொல்கிறீர்கள்? அவர் எப்படித் தொடங்கினார் என்று பாருங்கள். பானக் பக்கத்தில் மணல் அரித்துச் சிறிது தங்கம் சேர்த்தார். அதோடு மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சால்ட் லேக் சிட்டியிலிருந்து வண்டியில் முட்டை முதலான சரக்கைக் கொண்டுவந்து சுரங்கக்காரர்களுக்கு விற்றார். அடுத்தது அஞ்சல் ஒப்பந்தம், பிறகு வட்டிக்கடை, பிறகு வங்கி. சுரங்கமெல்லாம் கடைசியில் வந்தது, அதுவும் கடன் கட்ட முடியாதவர்களிடமிருந்து. என் கட்சிக்கே சாட்சி சொல்கிறார் உங்கள் கிளார்க்.

தொழுவத்தான்:

கால்நடை மருத்துவனாக முப்பது வருடம் வேலை பார்த்தவன் என்பதால் மாட்டுப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

கோர்ஸுக்கும் முன்னால் அந்தப் பள்ளத்தாக்கில் இருந்தவர் ஜானி கிராண்ட். ஐரோப்பியரும் பழங்குடியினரும் கலந்த மெட்டி சமூகத்தவர். தங்கம் கிடைப்பதற்கு முன்பே, 1850-களில், ஓரிகன் நோக்கிப் போகும் வண்டிப் பாதையில் நின்று வியாபாரம் செய்தார். நூற்றுக்கணக்கான மைல் இழுத்துக் குளம்பு தேய்ந்து, விலா எலும்பு தெரியும் எருதுகளோடு குடியேறிகள் வருவார்கள். அத்தகைய இரண்டைக் கொடுத்தால் கிராண்ட் கொழுத்த எருது ஒன்றைக் கொடுப்பார். வாங்கிய இரண்டையும் பள்ளத்தாக்கில் ஒரு குளிர்காலம் புல்லில் விட்டால் உடல் தேறிவிடும். அடுத்த கோடையில் அந்த இரண்டுக்கு நான்கு. எங்கள் துறையில் இதைவிட எளிமையான இலாபக் கணக்கை நான் பார்த்ததில்லை. ஒரு பைசா முதலீடு இல்லை, முழுதும் புல்.

அந்தப் புல்லின் அருமையையும் சொல்லவேண்டும். மலைச் சரிவில் கோடை முடிவில் நின்றபடியே காய்ந்துவிடும், சத்து போகாது. பனியை விலக்கினால் போதும், மாடு தின்னும். அறுத்துப் போர் போடும் வேலையே இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு என்ன ஆனது என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

1863 மே மாதம் ஆல்டர் பள்ளத்தில் தங்கம் கிடைத்ததும் ஒரு வருடத்துக்குள் பத்தாயிரம் பேர் வந்து குவிந்தார்கள். அத்தனை வாய்க்கும் சோறு எங்கிருந்து வரும்? மாவு சால்ட் லேக் சிட்டியிலிருந்து வண்டியில் வரவேண்டும். 1864-65 குளிர்காலத்தில் கணவாய்கள் பனியில் மூடிக்கொண்டன, வண்டிகள் நின்றுவிட்டன. ஆல்டர் பள்ளத்தில் முளைத்த வர்ஜீனியா சிட்டியில் ஒரு மூட்டை மாவு நூறு டாலரைத் தாண்டியது. ஆயுதம் ஏந்திய கூட்டம் வீடு வீடாகப் புகுந்து பதுக்கிய மாவைத் தேடியது. மாட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. தன் காலால் நடந்தே சந்தைக்கு வரும் சரக்கு அது ஒன்றுதான்.

கல்சுத்தி:

புவியியல் படித்தவன் என்ற முறையில் இரு தரப்பின் தலையிலும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

பானக், ஆல்டர், ஹெலெனா எல்லாமே முதலில் ஓடைத் தங்கம். பாறையிலிருந்து உதிர்ந்து, நீரில் அடித்து வரப்பட்டு, கனத்தினால் மணலின் அடியில் படுக்கைப் பாறைமேல் தங்கிய துகள். மணல் அரிக்கும் தட்டும் மண்வெட்டியும் இருந்தால் போதும், எவரும் எடுக்கலாம். அதனால்தான் கூட்டம். அதனாலேயே சீக்கிரம் தீர்ந்தும்விட்டது. மேல்மண் போன பிறகு மர வாய்க்கால் கட்டி, மைல்கணக்கில் தண்ணீர் கொண்டுவந்து கரையையே பீய்ச்சி உடைக்கவேண்டும். அதற்குத் தட்டு போதாது, முதல் வேண்டும். தனியாள் அங்கே கூலியாளாகிவிடுகிறான்.

அந்தத் தண்ணீரை விற்றவர்களில் ஒருவர் யார் தெரியுமா? சாட்சாத் கான்ராட் கோர்ஸ். பயனீர் என்ற ஊர்ப் பக்கத்தில் ராக் கிரீக் கால்வாயில் அவருக்குப் பங்கு இருந்தது, சுரங்க நிலமும் இருந்தது. நீங்கள் மாட்டுக்காரர் என்று ஒரு தட்டிலும் சுரங்கக்காரர் என்று மறு தட்டிலும் வைக்கிறீர்களே, இரண்டிலும் அவரே உட்கார்ந்திருக்கிறார்.

ஓடைமணல்:

கால்வாய் விவரம் எனக்குப் புதிது. பண்ணையில் சுற்றிக் காட்டியவர் இதைச் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருந்தால் அப்போது நான் குதிரைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்திருப்பேன்.

வரவுசெலவு:

நெல்சன் ஸ்டோரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆல்டர் பள்ளத்தில் எடுத்த தங்கத்தோடு 1866-இல் டெக்சாஸ் போனார். நீளக் கொம்பு மாடுகளாகப் பார்த்து வாங்கி, ஆட்களைச் சேர்த்து வடக்கே ஓட்டிவந்தார். வழியில் ஃபில் கெர்னி கோட்டையில் படை அதிகாரி மேலே போகக் கூடாது என்று தடுத்தார். பாதை முழுதும் சண்டை நடக்கும் நேரம் அது. ஸ்டோரி இரவோடு இரவாக மந்தையைக் கிளப்பிக்கொண்டு நழுவிவிட்டார். தங்கம் மாடாக மாறி மலை ஏறியது. எது எதைத் தாங்கியது என்று இதில் எப்படிப் பிரிப்பது?

பனிக்காடு:

பாதையில் சண்டை என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். யாரோடு யாருக்குச் சண்டை? அந்தப் பாதை லகோட்டா, செயென், அரப்பஹோ பழங்குடி மக்களின் வேட்டை நிலத்தின் நடுவே போடப்பட்டது. அவர்கள் போரிட்டு 1868-இல் கோட்டைகளையே மூடவைத்தார்கள்.

தொழுவத்தான் ஐயா 'முதலீடு இல்லை, முழுதும் புல்' என்று எழுதியதைப் படித்தபோது சற்று உறுத்தியது. அந்தப் புல் யாருடையது? டீர் லாட்ஜ் பள்ளத்தாக்கு ஸேலிஷ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வந்துபோன இடம். கிழக்குச் சமவெளியில் மேய்ந்த காட்டெருமையை 1883 வாக்கில் ஏறத்தாழ ஒழித்த பிறகுதான் அங்கே லட்சக்கணக்கில் மாடு மேய்க்க முடிந்தது. 1877 ஆகஸ்ட் 9-ஆம் நாள் விடியலில் பிக் ஹோல் பள்ளத்தாக்கில், தூங்கிக்கொண்டிருந்த நெஸ் பெர்ஸ் மக்களின் கூடாரங்கள்மேல் அமெரிக்கப் படை சுட்டது. பெண்களும் குழந்தைகளும் இறந்தார்கள். இன்று அதே பள்ளத்தாக்கு வைக்கோற்போர்களுக்குப் பேர்போனது. 'எல்லைப்புற ஊர்' என்கிறோம். அவர்களுக்கு அது எல்லை இல்லை, நடுவீடு.

தொழுவத்தான்:

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. கணக்கில் வராத செலவு அது. எழுதும்போது மாட்டை மட்டும் பார்த்துவிட்டேன்.

பனிக்காடு:

சீனர்களையும் யாரும் சொல்லவில்லை. வெள்ளையர்கள் அரித்துவிட்டுப் போன மணலை ஆல்டர் பள்ளத்தில் மறுபடி அரித்துப் பிழைத்தவர்கள் அவர்கள். செம்புச் சுரங்க ஊரான ப்யூட் நகரில் சலவை, உணவகம், காய்கறித் தோட்டம். 1896-97-இல் தொழிற்சங்கங்கள் அவர்கள் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி வாசலில் ஆள் நிறுத்தின. அவர்கள் நீதிமன்றம் போய் வென்றார்கள்.

வரவுசெலவு:

கூலியை ஒப்பிட்டுப் பார்த்தேன். ப்யூட் சுரங்கத் தொழிலாளர்கள் 1878-இல் சங்கம் வைத்து நாளுக்கு மூன்றரை டாலர் என்று நிலைநிறுத்தினார்கள். நாடு முழுவதிலும் அது பெரிய கூலி. மாடு ஓட்டுபவனுக்கு மாதத்துக்கே முப்பது, நாற்பது டாலர். சாப்பாடும் படுக்கையும் பண்ணையில். குதிரையில் சவாரி செய்யும் அழகன் என்று உலகம் பாடுகிறதே, அவன் வருமானம் சுரங்கத்துக்குள் போகிறவனுடையதில் பாதிகூட இல்லை.

கல்சுத்தி:

அந்த மூன்றரை டாலருக்கு அவன் கொடுத்ததையும் எழுதுங்கள். ப்யூட் ஐந்தாயிரத்து ஐந்நூறு அடிக்கு மேலே. பூமிக்குள் போகப் போகச் சூடு. வியர்வையில் குளித்து மேலே வந்தால் உறைபனி. காற்றால் இயங்கும் துளைப்பான் வந்த பிறகு கல்தூசி நுரையீரலில் அடைத்தது. அரசு மருத்துவர்கள் அந்தக் காலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்தத் தூசிநோய் இருந்தது. 1917 ஜூன் 8 இரவு ஸ்பெக்குலேட்டர் சுரங்கத் தீயில் 168 பேர் இறந்தார்கள். மின்கம்பியை இறக்கும்போது அது நழுவி விழுந்து, அதன் எண்ணெய் தோய்ந்த உறையில் ஒரு கைவிளக்கின் சுடர் பட்டது. பாதுகாப்புக்கென்று நீர்தெளிக்கும் அமைப்பைப் பொருத்தும் வேலையின் ஒரு பகுதி அது.

தொழுவத்தான் ஐயாவுக்காக ஒன்று: பூமிக்குள்ளே குதிரைகளும் கோவேறு கழுதைகளும் தாதுவண்டி இழுத்தன. கட்டித் தொங்கவிட்டுக் கிணற்றுக்குள் இறக்குவதுபோல இறக்குவார்கள். லாயம் கீழேயே. வைக்கோலும் கீழே போகும்.

தொழுவத்தான்:

அந்த வைக்கோல் எங்கள் பள்ளத்தாக்கில் விளைந்தது! (எங்கள் என்று எழுதிவிட்டேன், மன்னிக்கவும். மூன்று நாளாக இதே நினைவு.)

சொன்னபடி குளிர்காலக் கதைக்கு வருகிறேன். 1886 கோடையில் மழை இல்லை. புல் ஏற்கெனவே மிதமிஞ்சி மேயப்பட்டிருந்தது. எல்லோரும் மந்தையைப் பெருக்கிக்கொண்டே போனார்கள், நிலமோ பொதுநிலம். குளிர் சீக்கிரம் வந்தது. ஜனவரியில் நடந்ததுதான் கொடுமை. அந்தப் பகுதியில் 'சினூக்' என்ற வெப்பக்காற்று மலையிலிருந்து இறங்கிப் பனியை ஒரே நாளில் உருக்கும். மாட்டுக்காரர்கள் அதைத்தான் வேண்டிக்கொள்வார்கள். அந்த வருடம் சற்றே உருகியது, உடனே மறுபடி கடும் குளிர். உருகிய நீர் பனியின்மேல் கண்ணாடிபோல உறைந்துவிட்டது.

குதிரை குளம்பால் பனியைக் கிளறிப் புல்லை எடுக்கும். காட்டெருமை தலையை இருபுறமும் ஆட்டிப் பனியை ஒதுக்கும். பசுமாட்டுக்கு இந்த இரண்டும் தெரியாது, மூக்கால் தள்ளத்தான் தெரியும். மெல்லிய பனியென்றால் சரி. கண்ணாடிப் பனியில் மூக்கும் முழங்காலும் அறுபட்டு இரத்தம் கசிய நிற்கும். காற்றுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டே போகும், பள்ளத்திலோ வேலியிலோ முட்டி அங்கேயே குவிந்து சாகும். பிரதேசத்தின் மாடுகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. மாடு மேய்த்துக்கொண்டிருந்த சார்லி ரஸ்ஸல் என்ற இளைஞர், மந்தை எப்படி இருக்கிறது என்று முதலாளி தரப்பில் கேட்டதற்குப் பதிலாக, எலும்பும் தோலுமான ஒற்றை மாட்டை ஒரு சிறு அட்டையில் வரைந்து அனுப்பினார். பின்னாளில் பெரிய ஓவியரானார்.

கிரான்வில் ஸ்டூவர்ட், தங்கம் தேடி வந்து மாட்டுக்கு மாறியவர், தீனியும் கூரையும் தர முடியாத ஓர் உயிரை இனி வைத்துக்கொள்ளவே மாட்டேன் என்று எழுதினார். இந்த வாக்கியத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். மாடு திருடியவர்களைத் தூக்கில் தொங்கவிட்ட கூட்டத்துக்குத் தலைவரும் அவர்தான், அது வேறு விஷயம்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு பண்ணையிலும் புல்லை அறுத்துப் போர் போடும் பழக்கம் ஊன்றியது. பிக் ஹோலில் மரத்தால் சாய்வுமேடைபோல ஒரு பொறி செய்தார்கள். குதிரைகள் கயிற்றை இழுக்க, புல்கட்டு சரிவில் ஏறி உச்சியிலிருந்து போரின்மேல் கொட்டும்.

ஓடைமணல்:

கோர்ஸ் அந்தக் குளிர்காலத்தில் தப்பினாரா?

வரவுசெலவு:

பலத்த அடி. டீர் லாட்ஜ் பண்ணையில் வைக்கோல் இருந்தது, கிழக்கே திறந்தவெளியில் விட்ட மந்தைகள் போயின. பிறகு நடந்ததைக் கேளுங்கள், உங்கள் தீர்மானம் இங்கேதான் ஆடுகிறது. ப்யூட்டின் வங்கியாளர் ஏ. ஜே. டேவிஸ் ஈடு எதுவும் கேட்காமல் ஒரு லட்சம் டாலர் கடன் கொடுத்தார். அதை வைத்துத்தான் கோர்ஸ் எழுந்தார், திருப்பியும் கட்டினார். டேவிஸுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? லெக்சிங்டன் வெள்ளிச் சுரங்கம்! நீங்கள் பார்த்த செங்கல் கட்டடம் 1890 என்றீர்களே. கடன் வாங்கியதற்குப் பிறகு கட்டியது.

ஓடைமணல்:

இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். மாளிகையின் பாதியைச் சுரங்கத்துக்கு எழுதிவைக்கிறேன்.

பனிக்காடு:

அந்த மாளிகையை நடத்தியவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அகஸ்டா கோர்ஸ். 1868-இல் திருமணமாகி, மிசூரி ஆற்றில் நீராவிப் படகில் பென்டன் கோட்டை வரை வந்து, அங்கிருந்து வண்டியில். அப்போது வயது பத்தொன்பதுதான். வந்திறங்கிய இடத்தில் ஆண்கள் மட்டும். கணவர் 1920-இல் இறந்தார். அகஸ்டா 1945 வரை இருந்தார். மாடுகளின் எண்ணிக்கையை எழுதும் பலகைகளில் வெண்ணெயையும் சோப்பையும் யாரும் எழுதுவதில்லை.

கல்சுத்தி:

இப்போது மறுபக்கம். சுரங்கம் பண்ணையைக் காப்பாற்றியது உண்மை. அதே சுரங்கம் பின்னால் என்ன செய்தது?

1902-இல் ப்யூட்டுக்கு அருகே அனகொண்டா நகரில் புதிய வாஷோ உருக்காலை இயங்கத் தொடங்கியது. ப்யூட் தாதுவில் கந்தகமும் ஆர்சனிக்கும் ஏராளம். புகை பள்ளத்தாக்கின் புல்மேல் இறங்கியது. அந்த ஆண்டே மாடு, குதிரை, ஆடு சாகத் தொடங்கின. கோர்ஸின் தம்பி (தாய் ஒன்று, தந்தை வேறு) நிக் பீலென்பெர்க் நூற்றுக்கணக்கில் இழந்தார். கம்பெனி இழப்பீடு கொடுத்தது, மலைமேல் 300 அடிப் புகைபோக்கி கட்டியது. புகை தூரமாகப் போய் விழுந்தது, அவ்வளவுதான். 1905-இல் ஃபிரெட் பிளிஸ் என்ற விவசாயி, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சார்பில் வழக்குப் போட்டார். சாட்சியம் ஆயிரமாயிரம் பக்கம். 1909-இல் தீர்ப்பு கம்பெனிக்குச் சாதகம். உருக்காலையை மூடினால் இரண்டு நகரங்கள் அழியும், இந்த விவசாயிகளே தங்கள் விளைச்சலை யாரிடம் விற்பார்கள் என்ற வாதம் எடுபட்டது.

ஓடைமணல் ஐயா, உங்கள் முதல் பதிவைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் இந்த வாதம்தான்.

தொழுவத்தான்:

ஆர்சனிக் தின்ற மாட்டை நான் பார்த்திருக்கிறேன், பூச்சிமருந்துத் தகரத்தை நக்கியது. வயிறு முழுதும் வெந்து, எழுந்து நிற்க முடியாமல் விழும். அங்கே குதிரைகளின் மூக்குத் துவாரத்தில் புண் இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. புல்லோடு மூக்கு உரசும் இடம் அல்லவா?

அந்தப் பகுதி மாடுகளின் பல்லில் செம்பு முலாம் பூசியிருந்தது என்றும் ஒரு கதை உண்டு. அதை நம்பவேண்டாம். அசைபோடும் விலங்குகளின் பல்லில் காறை படிந்து ஒளியில் பொன்போல மின்னுவது எங்கும் நடக்கும். உருக்காலை தேவையில்லை.

வரவுசெலவு:

கிளார்க் 1889-இல் அரசியலமைப்பு மாநாட்டில் பேசியது: புகையில் சிறிது ஆர்சனிக் இருப்பதால்தான் ப்யூட் பெண்களுக்கு நல்ல நிறம் என்றார். அந்த ஊரில் நண்பகலில் விளக்கேற்றிய நாட்கள் உண்டு. பின்னாளில் கம்பெனி அதே ஆர்சனிக்கைப் புகையிலிருந்து பிடித்துப் பூச்சிமருந்தாக விற்றது. கணக்கர் என்ற முறையில் எனக்கே வாய் அடைத்துவிட்டது.

கல்சுத்தி:

காற்றோடு முடியவில்லை. 1908 ஜூனில் பெருவெள்ளம் வந்து ப்யூட்டிலும் அனகொண்டாவிலும் குவிந்திருந்த தாதுக்கழிவை கிளார்க் ஃபோர்க் ஆற்றில் நூறு மைலுக்கு மேல் அடித்துப்போனது. கீழே மில்டவுனில் அப்போதுதான் கட்டிய அணை அதைப் பிடித்துவைத்தது. நூறு வருடம் கழித்து, 2008-இல், அணையையே உடைத்து அந்தச் சேற்றை அள்ளினார்கள். நடுவழியில் கரையோர வயல்களில் படிந்தது படிந்தபடி இருந்தது. கோர்ஸ் பண்ணை ஆற்றோரம்தான். அங்கே ஆங்காங்கே புல் முளைக்காத மொட்டைத் திட்டுகள். கோடையில் மண்ணின் ஈரம் மேலேறிக் காயும்போது செம்பு உப்பு நீலப்பச்சை நிறத்தில் பூக்கும். பிற்பாடு அந்த மண்ணைத் தோண்டி அகற்றும் வேலை பண்ணைக்குள்ளும் நடந்திருக்கிறது. நீங்கள் போனது அதற்கு முன்பு.

ஓடைமணல்:

நேற்று இரவு பழைய கணினியைத் திறந்து அந்தப் படங்களைத் தேடினேன். வீடு, குதிரைகள், மருமகன், மறுபடி குதிரைகள். ஆற்றங்கரையில் எடுத்தது ஒன்றே ஒன்று. வில்லோ புதர்களுக்கு இப்பால் வெறும் தரை, அதன் ஓரம் முழுதும் பச்சையாக ஏதோ படிந்திருக்கிறது. பாசி என்று நினைத்து அப்போது கவனிக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன், பாசி இல்லை. திட்டைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள், வேலிக்கு அந்தப் பக்கம் சிவப்பு மாடு ஒன்று தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

படத்தை இணைக்கிறேன். கல்சுத்தி, அது செம்புதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கல்சுத்தி:

செம்புதான்.

தொழுவத்தான்:

மாடு நன்றாக இருக்கிறது. மூன்று வயது இருக்கும்.